சாப்பாட்டு நேரத்து ஆட்டம்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கணினிகள் எல்லாமே பழசு. வெளிநாட்டு மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. ஒரு பக்கத்தைத் திறந்தால் அது முழுதாக வருவதற்குள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்துவிடலாம். அப்படிப்பட்ட கணினியிலும் ஒரு விளையாட்டு மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு அணிகள். ஒன்று குண்டு வைக்கும், மற்றது அது வெடிப்பதற்குள் செயலிழக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. நான் குடியாத்தத்தில் பள்ளியில் படிக்கும்போதே பையன்கள் பிரவுசிங் சென்டரில் மொய்த்துக் கிடந்த விளையாட்டு அது. அந்த வயதில் அந்தக் கடைக்குள் என்னை யார் விட்டார்கள்?

அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவள் என் பக்கத்து இருக்கைக்காரி. மர்பி டவுன் பெண். மூன்று தலைமுறையாகப் பெங்களூர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். சில வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் வா, போ என்றுதான் பேச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியம் தனியாக டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, என் கணினியில் ஒரு பென் டிரைவைச் செருகினாள்.

“இன்னாடி, எப்பப் பாரு மூஞ்சிய தொங்கப் போட்டுனு? சீக்கிரம் துன்னு முடி. மாடி டீம்ல அஞ்சு பேரு, நாங்க நாலு பேருதான்.”

“எனக்கு விளையாடத் தெரியாதுக்கா.”

“யாருக்குத் தெரியும்? சாவ சாவ தானா வரும்.”

அப்படித்தான் வந்தது. முதலில் கதவைத் தாண்டுவதற்குள் செத்தேன். அப்புறம் கதவைத் தாண்டிச் செத்தேன். சந்துக்குள் நான் முன்னால் போனால் அவள் பின்னால் வருவாள். பின்பக்கத்திலிருந்து வருகிறவர்களை அவள் பார்த்துக்கொள்வாள், நான் திரும்பவே வேண்டாம். ஹோசூர் ரோட்டில் வண்டிகள் நகராமல் நிற்கும் சாயங்காலங்களில், பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்றைய ஆட்டத்தை இருவரும் மறுபடி பேசித் தீர்ப்போம். பிறகு இணையத்தில் ஆளுக்கொரு கணக்கும் தொடங்கிக்கொண்டோம். லீவு நாட்களில் அவள் வீட்டிலிருந்தும் நான் தங்கியிருந்த பி.ஜி. விடுதி அறையிலிருந்தும் ஆடினோம்.

வருடக்கணக்கில் ஆடியும் சலிக்கவில்லை. நடுவில் எத்தனையோ புது விளையாட்டுகள் வந்தன. ஒன்றை எல்லோரும் போனில் ஏற்றிக்கொண்டோம். படம் கண்ணைப் பறித்தது. ஆனால், தினமும் வந்தால் பரிசுப் பெட்டி தருகிறேன், வராவிட்டால் பறித்துக்கொள்வேன் என்று மிரட்டிக்கொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் அது இன்னொரு வேலை மாதிரி ஆகிப்போய் விட்டுவிட்டோம். பழைய விளையாட்டு யாரையும் கூப்பிடாது. நாமாகப் போனால் அதே சந்து, அதே மரப்பெட்டிகள், அதே கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் இன்றைக்கு யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. நேற்று இடப்பக்கம் வந்து சுட்டவர் இன்றும் அப்படியே வருவாரா? நான் அப்படித்தான் நினைப்பேன் என்று யோசித்து வலப்பக்கம் வருவாரா? விதிகளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். எதிரே ஆடும் மனிதர்களைக் கற்று முடிக்கவே முடியாது. அதுதான் மறுநாளும் எங்களை இழுத்தது என்று நினைக்கிறேன். அவளை மட்டும் முழுசாகப் படித்து முடித்துவிட்டதாக நான் நம்பியிருந்தேன்.

அவள் டீம் லீட் ஆனாள். அதற்குப் பிறகும் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டம் நிற்கவில்லை. பிறகு ஒரு பெரிய மருத்துவமனை எங்களிடமிருந்து வேலையை எடுத்துக்கொண்டது. ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஒரு திங்கட்கிழமை காலை ஹெச்.ஆர். அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

“ஆஃபீஸ் சிஸ்டத்துல பர்மிஷன் இல்லாம கேம் போட்டு வெச்சிருக்கீங்க. வேலை நேரத்துலயும் ஆடுறீங்கன்னு கம்ப்ளெயின்ட்.”

“வேலை நேரத்துல ஆடினதே இல்ல மேடம். சாப்பாட்டு டைம்ல எல்லாரும்தான் ஆடுறோம். யார் சொன்னது?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “உங்க லீட்தான்மா. அவங்க சொல்லாம நாங்க எப்படி ஆக்‌ஷன் எடுப்போம்?”

வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தோடு வெளியே வந்தபோது அவள் இருக்கை காலியாக இருந்தது. லீவாம். போன் போட்டேன், எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மாதா கோயிலுக்குப் போய் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து மர்பி டவுனுக்குப் போனேன். அவளுடைய அம்மா கதவைத் திறந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“வா கண்ணு! இன்னா, ஆளையே காணோம்? பிரியாணி ஆவுது, துன்னுட்டுத்தான் போவணும்.”

அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நேரே மொட்டை மாடிக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர் போவணும்னாங்க. நானா நீயான்னு” என்றாள், துணியைப் பார்த்துக்கொண்டே.

“சரி, என் பேரைச் சொன்ன. வேலை சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்ல? எதுக்குக்கா இப்படி?”

“உன் வேலைல ஒரு தப்புகூட இல்லியே. இன்னான்னு சொல்றது?”

நான் கொடிக்கு மறுபக்கம் போய் நின்றேன்.

“அதான் கேமைச் சொன்னியா? அதை என் சிஸ்டத்துல போட்டது யாருக்கா?”

ஒரு சட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

“என்னை அனுப்புறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைகூட ஆடினோமே. அப்பவே சொல்லிட்டியா?”

“புதன்கிழமையே.”

“அது தெரிஞ்சும் என்கூட உக்காந்து ஆடின?”

“ஆடாம இருந்தா உனக்கு டவுட் வந்திருக்கும்டீ.”

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள்தான் ஜெயித்தோம். கடைசிச் சுற்றில் நான் குண்டைச் செயலிழக்க வைத்துக்கொண்டிருக்க, அவள் எனக்கும் எதிரிக்கும் நடுவில் வந்து நின்று குண்டடி பட்டுச் செத்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே என் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அந்தச் சிரிப்பு பொய்யா என்று மொட்டை மாடியில் கேட்கத் தோன்றவில்லை. இன்றுவரை எனக்கு அது தெரியாது. பொய்யாக இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கீழே இறங்கினேன். சாப்பிட முடியாது என்றதும் அம்மா ஒரு டப்பாவில் பிரியாணியைப் போட்டுக் கையில் திணித்தார். அவரிடம் எப்படி வேண்டாம் என்பது? ஆட்டோவில் வழிநெடுக மடியில் சுட்டது. பி.ஜி.யில் அறைத்தோழியிடம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்று கேட்டாள்.

கொஞ்ச நாள் அலைந்த பிறகு அத்திபெலேயில் ஒரு குடோன் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சரக்கு லாரிகள் வருவதையும் போவதையும் பதிந்து வைக்க வேண்டும். நல்ல மனிதர்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவோம். விளையாட்டை நான் லேப்டாப்பிலிருந்து அழித்திருந்தேன். இனி அதன் சத்தம் காதில் விழுந்தாலே குமட்டும் என்று நினைத்தேன்.

மழை பெய்த ஒரு விடுமுறை நாளில், எதற்கென்றே தெரியாமல் மறுபடி ஏற்றினேன். அதே சந்து. அதே மரப்பெட்டிகள். முதல் சுற்று முடிவதற்குள் என்னை மறந்து ஆடிக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன். கோபமாக வந்தது. கொஞ்சமாவது கசந்திருக்க வேண்டாமா? எனக்கு நடந்தது எதுவும் அந்த விளையாட்டுக்குத் தெரியவில்லை. முன்பு எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு நன்றாகவே இருந்தது. எனக்குத் துரோகம் செய்தவர்களின் வரிசையில் அதையும் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் இன்னொரு சுற்று ஆடினேன்.

இப்போது முகம் தெரியாதவர்களோடுதான் ஆடுகிறேன். குரல் மட்டும் கேட்கும். நான் முன்பு போல ஆடுவதில்லை என்பதை அவர்களில் ஒருவர்தான் எனக்குச் சொன்னார். கன்னடம் கலந்த தமிழ் அவருடையது.

“அக்கா, யாக்கே திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? எதிரி முன்னாடி இருக்கான். பின்னாடி நான் இருக்கேன்ல?”

“சரிங்க” என்றேன். அடுத்த திருப்பத்திலேயே மறுபடி திரும்பிப் பார்த்தேன். அதற்குள் முன்னால் இருந்தவன் சுட்டுவிட்டான்.

போன மாதம், ஆட்டத்துக்கு நடுவில், திரையின் ஓரத்தில் அவள் பெயர் வந்தது. சேர்ந்து ஆட அழைக்கிறாள். சம்மதிக்க ஒரு பொத்தான், மறுக்க ஒரு பொத்தான். நான் இரண்டையும் தொடவில்லை. அழைப்பு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாக மறைந்தது.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா?” என்றது அந்தக் குரல்.

“இருக்கேன். போங்க, வர்றேன்.”