கொட்ட வேண்டிய தண்ணீர்

இனோபத் என்ற பெயரை நான் முதலில் வசவாகத்தான் கேட்டேன். என் நாத்தனார் மகள் ஸெபோவுக்குக் கல்யாணம் நடக்க நான்கு நாள்தான் இருந்தது. பெண்ணின் முகமெல்லாம் சிவந்து தோல் உரிந்துகொண்டிருந்தது.

"எல்லாம் அந்த இனோபத் குடுத்த தண்ணியால!" என்று நாத்தனார் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

எங்கள் மர்கிலான் ஊர்ப் பட்டு ஆலையில், கொதிநீரில் பட்டுப்புழுக் கூடுகளைப் போட்டு நூலெடுப்பவள் இனோபத். ஸெபோவுக்கும் அங்கேதான் வேலை. அங்கே எல்லார் கையும் வெடித்திருக்கும். கடைச் சோப்பு பட்டால் எரியும். அதற்காகவே சோப்பு போல நுரைக்கும் எத்மாக் வேரைக் காய்ச்சிக் கழுவுநீர் செய்தாள் இனோபத். நோன்பு மாதத்து வெள்ளை இனிப்பை நுரைக்க வைப்பதும் அதே வேர்தான். சாப்பிடுகிற வேர் தோலை என்ன செய்துவிடும் என்று நினைத்துவிட்டாள். ஸெபோ கல்யாணத்துக்காக அதில் முகத்தையும் கழுவியிருக்கிறாள்.

மறுநாள் ஆலையில் ஒரே கேலி.

"ஏண்டி, கல்யாணப் பொண்ணையும் கூடுன்னு நெனச்சு உரிச்சிட்டியா?"

"உரிச்சது நான்தான். சரி பண்றதும் நான்தான்" என்றாள் இனோபத்.

வேலை முடிந்ததும் நேரே மிட்டாய்க்கார எர்காஷிடம் போனாள்.

"வேரைக் காய்ச்சின மொதத் தண்ணியவா குடுத்த? அட தங்கச்சி, அதைச் சாக்கடையில கொட்டணும்! நாக்குல பட்டா எரியும். ரெண்டாவதும் ஆகாது."

"அதுலதானேண்ணே நுரை ஜாஸ்தி?"

"நுரையப் பாத்து ஏமாந்தியா?"

அவள் இரண்டு தண்ணீரையும் கொட்டிவிட்டு மூன்றாவதை முழங்கை மடிப்பில் தடவினாள். சிவந்தது. இன்னும் தண்ணீர் கலந்தாள், அரித்தது. மறுபடி கலந்தாள். கல்யாணம் முடிந்து ஒரு மாதமாகியும் விடவில்லை. கடைசியில் ஒரு வாரம் தடவியும் தோல் சிவக்காமல், அரிக்காமல் அப்படியே இருந்தது.

ஆலைக்குக் கொண்டுபோனால் ஒருத்தியும் தொடவில்லை.

"நுரையே காணோம், இது என்னத்தக் கழுவும்?"

ஆட்டுக்கொழுப்பு படிந்த தட்டில் ஊற்றித் தேய்த்துக் காட்டினாள். கொழுப்பு விட்டுப்போனது.

"பிசுக்கை இழுக்கிறது வேர்ச்சத்து, நுரை இல்ல. சத்து மிஞ்சினா உங்க தோலுக்கு வேண்டிய எண்ணெயையும் சேர்த்து இழுத்துடும். அதான் ஸெபோவுக்கு எரிஞ்சுது. கண்ணுல மட்டும் படாம பாத்துக்கங்க."

யாரும் அசையவில்லை. ஸெபோதான் எழுந்து வந்தாள்.

"மூஞ்சி மட்டும் வேணாம்க்கா" என்று வெடித்த இரு கைகளையும் நீட்டினாள். எரியவில்லை. மறுநாள் ஐந்து பேர் கிண்ணத்தோடு வந்தார்கள்.

இனோபத் இப்போதும் அதே ஆலையில்தான், ஜன்னலோரத் தொட்டியில் நூலெடுக்கிறாள்.