கடை திறக்க அத்தான் வரணும்

எனக்கு வாய் நீளம். வேலை இடத்தில் எல்லோருக்கும் தெரியும், வீட்டில் அதைவிட நன்றாகத் தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கணினி விளையாட்டுகள் செய்கிறோம். அங்கே ஒருநாள் நான் போட்ட சண்டையிலிருந்துதான் இந்த வெட்கக்கேட்டைச் சொல்லத் தொடங்க வேண்டும்.

சண்டை ஓர் அற்ப விஷயத்துக்கு. ஆடுகிறவர் பாதியில் நிறுத்திவிட்டுப் போனால், அதுவரை ஆடியதை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோப்பை எங்கே வைப்பது? விளையாட்டு இருக்கிற ஃபோல்டரிலேயே வைத்துவிடலாம் என்றேன் நான். எங்களோடு வேலை செய்யும் சீனப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஃபோல்டரில் கண்டவர்களையும் எழுதக் கணினி விடாது, யார் அட்மினோ அவர் மட்டும்தான் எழுதலாம், ஆடுகிறவரின் கோப்பு ஆடுகிறவரின் சொந்த ஃபோல்டரில்தான் இருக்க வேண்டும் என்றாள். அதற்கு எழுதியதையெல்லாம் பிரித்து மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு எரிச்சல் வந்தது. தொடங்கும்போதே அட்மின் அனுமதி கேட்டுவிடலாம், ‘யெஸ்’ என்று ஒரு தட்டு, அதில் யார் கை தேய்ந்து போகப்போகிறது என்றேன்.

“யெஸ் தட்ட முடியாதவர்கள்?” என்று கேட்டாள்.

“பாஸ்வேர்டு தெரிந்த யாராவது வீட்டில் இருப்பார்கள்லா” என்றேன்.

அவள் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக் கீழே போய் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தேன்.

விளையாட்டு என்னவென்று சொல்லவில்லையே. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு கடை போடுவது. சாயங்காலம் குடையை விரித்து, மேசை போட்டு, வடையோ புட்டுமாயமோ விற்று, மழை வந்தால் நனைந்து, பக்கத்துக் கடைக்காரியோடு இடத்துக்குச் சண்டை பிடித்து, மெல்ல மெல்ல கடையைப் பெரிதாக்க வேண்டும். இந்த யோசனை என்னுடையது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது கிள்ளானில் இருக்கும் என் அக்காவின் ஆசை. அவர்கள் குடியிருக்கும் தாமானில் வாரம் ஒருநாள் பாசார் மாலாம் கூடும். அதில் ஒரு பலகாரக் கடை போட வேண்டும் என்று அக்காவுக்கு ரொம்ப நாளாக ஆசை. அத்தானிடம் கேட்டிருக்கிறாள். அவர் பார்க்கலாம் என்றிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வது. அக்கா மறுபடி கேட்கவில்லை.

“உனக்காகத்தான்க்கா செஞ்சேன். அவர் குடுக்காட்டி என்ன, நான் குடுக்கறேன் உனக்குக் கடை” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக் கணினியில் நானே போட்டுக் கொடுத்தேன். பெரிய வள்ளல்.

அந்தக் கணினி அத்தானுடையது. அவர் லோரி வைத்துச் சாமான் ஏற்றுகிறவர், கணக்கெல்லாம் அதில்தான். ஒருமுறை வைரஸ் புகுந்து எல்லாம் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். நான்தான் வந்து கணினிக்குள் நுழைய ஆளுக்கொரு லாகின் கணக்கு வைத்துக் கொடுத்தேன். அத்தான் அட்மின், அக்கா சாதாரண ஆள். “பாஸ்வேர்ட யார்கிட்டயும் குடுத்துராதீங்க அத்தான், அக்காகிட்டகூட” என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் நான்தான். அக்காவும் கூடச் சிரித்தாள். விளையாட்டைப் போட்ட அன்று அவள் கணக்கில் திறந்து காட்டினேன். அனுமதி கேட்கும் பெட்டி வந்தது, அத்தான் வந்து பாஸ்வேர்டைத் தட்டினார், கடை திறந்தது. நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

முதல் கொஞ்ச காலம் அக்கா போன் செய்தாலே கடைப் பேச்சுதான். “இன்னிக்கு மழை பேஞ்சுருச்சுடி, சட்னி அரைச்சு வச்சது அப்படியே மிஞ்சிப் போச்சு” என்பாள். நிஜமாகவே சட்னி மிஞ்சியது போல அலுத்துக்கொள்வாள். பக்கத்துக் கடைக்காரிக்கு ஏன் அவ்வளவு திமிர் வைத்திருக்கிறாய் என்று என்னைத் திட்டுவாள். எனக்குப் பெருமை தாங்காது. பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. நானாகக் கேட்டால், “ம், எப்பவாச்சும் ஆடறேன்” என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். எனக்கு உள்ளுக்குள் கோபம். ஒரு வேலையைத் தொட்டால் முடிக்கத் தெரியாது, நிஜக் கடை போட்டிருந்தாலும் இந்த லட்சணம்தான் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? போனில் அவளிடமே சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்றாள்.

இதற்கிடையில் விளையாட்டு வெளியே போய், வாங்கியவர்கள் புகார் எழுத ஆரம்பித்தார்கள். திறக்கும்போதெல்லாம் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது, இது என்ன விளையாட்டா, பேங்க்கா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சரி மாற்று என்றேன். சீனப் பெண் எல்லாவற்றையும் மாற்றிப் புதிய பதிப்பு செய்தாள். இனி அனுமதி கேட்காது. ஆடியது ஆடுகிறவரின் சொந்த ஃபோல்டரில் இருக்கும். பழைய கடையையும் முதல் முறை திறக்கும்போது அதுவே அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: பழைய விளையாட்டை முதலில் நீக்கக்கூடாது, நீக்கினால் அந்த ஃபோல்டரோடு சேர்ந்து ஆடியதும் போய்விடும். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். வருஷா வருஷம் அன்றைக்கு அக்கா வீட்டில் கழுவித் துடைக்கும் நாள். அத்தான் காற்றாடி துடைப்பார், அக்கா ஒருபக்கம் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே மறுபக்கம் திரைச்சீலையை ஊறப்போடுவாள். கணினி என் பொறுப்பு. தூசு தட்டி, வேண்டாததை எல்லாம் நீக்கிக் கொடுக்க வேண்டும். புது பதிப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன்.

கணினி இருக்கும் மூலைக்குப் போனால், திரையின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. கீழே பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கை வைத்தால் சுடுகிறது. துண்டை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் கணக்கு, அதில் என் விளையாட்டு, திறந்தபடி. சுருக்கென்று கோபம் வந்தது.

“அக்கா, இதை எப்போலருந்து ஓட விட்டுருக்கே? மூடத் தெரியாதா உனக்கு? எத்தனை வாட்டி சொல்லிக் குடுத்தேன்? இப்படிப் போட்டு எரிச்சா கம்ப்யூட்டர் எத்தனை நாளைக்கு வரும்?”

திறந்த வாயை மூட முடியுமா? பட்டிக்காடு, மக்கு என்று இன்னும் ரெண்டு சேர்த்தேன். ஸ்டூல் மேல் ஏறிக் காற்றாடி துடைத்துக்கொண்டிருந்த அத்தான்தான் சிரித்தார்.

“ஏம்மா அவளத் திட்டறே? மூடிட்டா மறுபடி திறக்க நான் வரணும். நான் காலையில லோரி எடுத்துட்டுப் போனா சாயங்காலம்தான் வரேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல. நீ சாமி, நான் பூசாரி.”

சொல்லிவிட்டு இன்னும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். அக்கா பாஸ்வேர்டு கேட்டு வரும்போது, முதலில் பாலில்லாமல் ஒரு தே ஓ போட்டுக் கொண்டு வா, அப்புறம் திறக்கிறேன் என்று சும்மா வம்பு பண்ணுவாராம். ஒருநாள் கூட மாட்டேன் என்று சொன்னதில்லையாம். அதைப் பெருமையாகவே சொன்னார்.

“அந்த பாஸ்வேர்ட அவகிட்ட குடுத்தா என்ன அத்தான், குடியா முழுகிடும்?” என்று பாய்ந்தேன்.

“நீதானம்மா சொன்னே, அக்காகிட்டகூட குடுக்காதீங்கன்னு. அதோட நானா கேக்கறேன்? உன் கேம்தானே கேக்குது?”

ஊரெல்லாம் எனக்குப் பெண் உரிமைக்காரி என்று பெயர். யாராவது ஆம்பிள்ளை மனைவிக்கு அனுமதி கொடுத்தேன் என்று சொல்லிவிட்டால் அவன் குடுமியைப் பிடிக்காமல் விடமாட்டேன். ஊருக்குத்தான் உபதேசம். கூடப்பிறந்தவள் தினம் தினம் புருஷன் முன்னால் போய் நிற்கும்படி ஒரு பெட்டியைச் செய்து, அதை அவளுக்குப் பரிசு என்று கொடுத்திருக்கிறேன். காது மடல் வரைக்கும் சுட்டது.

அக்கா மாவுக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். என்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துப் பேசினாள்.

“தினமும் போய்க் கேக்க ஒரு மாதிரி இருக்குடி. இந்த வயசுல வெளாட பெர்மிஷன் கேக்கற மாதிரி. அதான் அவர் ஒருக்கா திறந்து குடுத்தாருன்னா நான் மூடறதே இல்ல. வெளிச்சம் தெரிஞ்சா இன்னும் கடை மூடலியான்னு கிண்டல் பண்ணுவாரு, துண்டைப் போட்டு வச்சிருவேன். போன்ல சொன்னா நீ வந்து அவர்கூட சண்டை போடுவியோன்னு சொல்லல.”

மூடச் சொல்லித்தானே இவ்வளவு நேரம் கத்தினேன். மன்னிப்பு கேட்டிருக்கலாம். அதற்கெல்லாம் எனக்கு நாக்கு வளைவதில்லை. “போய் முறுக்கைப் பாரு, இப்பவே சரி பண்ணித் தரேன்” என்று அவளை விரட்டினேன். அவமானம் வந்தால் எனக்குக் கை வேகமாகிவிடும், அது ஒரு வியாதி. அத்தானை இறங்கி வரச் சொன்னேன். அவர் ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார். பழசைக் கழித்துவிட்டுத்தான் புதுசை வைக்க வேண்டும் என்று வீடு முழுக்க நடந்துகொண்டிருந்த அன்றைய வேலை என் கைக்கும் தொற்றியிருந்தது போல. கிழிந்த பாய், உடைந்த கூடை எல்லாம் வாசலில் கிடந்தன. நானும் பழைய விளையாட்டை மூடி நீக்கினேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. யெஸ். ஒரு தட்டு. கை தேயவில்லை.

பிறகு புதுசைப் போட்டேன். அத்தானை இனி தேவையில்லை, போங்கள் என்று அனுப்பிவிட்டு, “அக்கா, வா, வந்து நீயே திற” என்று கூப்பிட்டேன். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விளையாட்டுப் படத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினாள். தட்டிவிட்டு, பழக்கத்தில், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி ஒதுங்கினாள். வருகிறவர் விசைப்பலகையைத் தொட வழிவிடுகிற ஒதுங்கல் அது. கூடத்துப் பக்கம் திரும்பி, “என்னங்க, ஒரு நிமிஷம்” என்றாள். அத்தானும் ஈரத்துணியோடு எழுந்து வந்தார்.

பெட்டி வரவில்லை. விளையாட்டு தானாகத் திறந்து, பாசார் மாலாம் விளக்குகள் எரிந்தன. நடுவில் காலியான ஓர் இடம். அதன் மேல், ‘உங்கள் கடைக்கு ஒரு பெயர் வையுங்கள்.’

“இது யாரு கடைடி?” என்றாள் அக்கா. “என் கடை எங்க?”

கணினியின் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன், ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினேன், அத்தானை மறுபடி பாஸ்வேர்டு போடச் சொல்லி அவர் கணக்கில் தேடினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்தால் கிடைக்குமா? இல்லை. அவள் விரித்த குடை, வாங்கிச் சேர்த்த மேசைகள், அந்தத் திமிர் பிடித்தவளிடமிருந்து பிடுங்கிய மூலை இடம், எதுவும் இல்லை. கடைக்கு அவள் என்ன பெயர் வைத்திருந்தாள் என்றுகூட நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“போச்சுக்கா. நான்தான் அழிச்சுட்டேன். கூட வேலை செய்யறவ அழிக்காதேன்னு சொல்லியிருந்தா. தெரிஞ்சும் செஞ்சேன்” என்றேன்.

“விடும்மா, கேம்தானே” என்றார் அத்தான். வேறு நாளாக இருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். அன்றைக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற அத்தானைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த ஈரத்துணியைப் பார்த்தாள்.

“இப்ப ஏன் பெட்டி வரல?”

“இனிமே வராதுக்கா. யாரையும் கேக்க வேண்டாம்.”

“கம்ப்யூட்டர்ல எதாச்சும் மாத்துனியா?”

“இல்லக்கா. கேமைத்தான் மாத்துனோம்.”

“அப்போ மொதல்லயே இப்படிக் கேக்காம செஞ்சிருக்கலாம்?”

“செஞ்சிருக்கலாம்.”

“அப்புறம் இத்தனை நாள் எதுக்குடி கேட்டுச்சு?”

கோபமாகக் கேட்கவில்லை அவள். தெரியாத ஒன்றைத் தெரிந்தவளிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஃபோல்டர், அட்மின், பாதுகாப்பு என்று அவளுக்குப் புரியாதபடி சொல்ல எனக்கு ஆயிரம் தெரியும். எண்ணெய் காய்ந்த வாசம் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“எனக்கு அது சுலபமா இருந்துச்சுக்கா” என்றேன்.