தவிடு கொடுக்காமல் தூக்கி வந்த பிள்ளை

கோவிலில் விற்ற குழந்தையைத் திரும்ப வாங்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், அந்தக் குழந்தை யாருடையது? ஒரு வருடமாக யோசிக்கிறேன், பதில் தெரியவில்லை.

போன வருடம் பொங்கல் விடுமுறையில் நானும் கணவரும் மகளோடு அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து யாழ்ப்பாணம் போனோம். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். அந்த நாட்களில்தான் எங்கள் மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா, பிள்ளையை நயினாதீவு அம்மன் சந்நிதியில் விற்று வாங்குவதாக வேண்டிக்கொள்ளச் சொன்னார். உறவில்லாத ஒருவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒரு பிடி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். நம் பக்கத்திலும் உள்ள வழக்கம்தான். வேண்டிக்கொண்டேன், பிழைத்தாள்.

முதல் நாள் கந்தரோடை போனோம். பனைமரங்களுக்கு நடுவே கவிழ்த்த கிண்ணங்கள் மாதிரி சின்னச் சின்னப் பௌத்தத் தூபிகள். காற்றே இல்லை. எப்போதும் கத்திக்கொண்டிருக்கும் மகள் உதட்டில் விரல் வைத்து, "பேசாதம்மா, தூங்கறாங்க" என்றாள். அந்தக் காலத்துத் துறவிகளின் அஸ்தி உள்ளே இருப்பதாகச் சொல்வார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னது அதற்குப் பிறகுதான். நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கணவர் சிரித்தார்.

மறுநாள் படகில் தீவுக்குப் போனோம். பூசை முடியவே மதியம் தாண்டிவிட்டது. பிள்ளையை வாங்கிக்கொள்ள யாரைக் கேட்பது என்று நான் தயங்கி நிற்க, தூணருகே தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி தானாகவே எழுந்து வந்து கைகளை நீட்டினார். ஐம்பது வயது இருக்கும்.

"மெய்யாத்தான் விக்கிறியளோ, இல்லாட்டிப் பகிடிக்கோ?"

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே, "வித்துட்டேன்க்கா" என்று மகளை அவர் கையில் கொடுத்தேன். புது முகத்தைக் கண்டாலே அலறுகிறவள், அவர் தோளில் தலை சாய்த்த உடனே தூங்கிப்போனாள்.

தவிட்டு முடிச்சைப் பையில் தேடிக்கொண்டிருக்கும்போதே, கடல் சரியில்லை, இதுதான் கடைசிப் படகு என்று யாரோ வந்து சொன்னார்கள். கணவர் கோவிலுக்குள் கழற்றிய சட்டையைக் கையில் பிடித்தபடி முன்னால் ஓடினார். அந்தப் பெண்மணி குழந்தையோடு என் பின்னாலேயே துறைவரை வந்தார். கணவர் படகிலிருந்து கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். படகு நகர்ந்த பிறகுதான், முடிச்சு என் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவர் துறையிலேயே நின்றிருந்தார். குழந்தையைத் தூக்கியிருந்த அதே வாக்கில் இரண்டு கைகளும் மார்போடு வளைந்திருந்தன. ஒரு கை மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. தீவிலுள்ள பௌத்த விகாரையின் வெள்ளைக் கோபுரம் மறையும்வரை பார்த்தேன். அவர் அசையவில்லை.

"நீயா எதையாவது நினைச்சு பயந்துக்காத. நான் வாங்கிட்டேன்ல" என்றார் கணவர்.

ஊர் திரும்பி ஒரு வாரம் இருக்கும். என் மடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா எங்க?" என்று கேட்டாள். இதோ நான்தான்டி என்றேன். என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்க இல்ல" என்றாள். அதுவரை என்னை அவள் 'நீ' என்றுதான் சொல்வாள்.

இந்த வயதில் குழந்தைகள் இப்படி விளையாடும் என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் இன்றும் சில மாலைகளில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி நிற்கிறாள். மாடி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ ஆரெண்டு கேட்டனீங்களோ? அங்க சண்டையில பிள்ளையளத் துலைச்சுப்போட்டு இன்னும் தேடித் திரியிற தாய்மார் கனபேர்."

அதுவரை என் மகளை நினைத்து மட்டுமே பயந்தேன். இப்போது அந்த வெறும் கைகளை நினைத்தாலும் சோறு இறங்குவதில்லை.

இந்த வழக்கம் தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இங்கேயே ஒரு கோவிலில் வேறு யாரிடமாவது கொடுத்து வாங்கினால் போதுமா? அல்லது அவரையே தேடிப் போய்த்தான் கேட்க வேண்டுமா? போனால், முறைப்படி முதலில் குழந்தையை அவர் கையில் கொடுத்தாக வேண்டுமாமே. அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.