கொம்பன் ஆந்தையின் கரடு

திருச்செங்கோடு போகும் பேருந்தில் சன்னல் கம்பியைத் தொட்டேன், விரல் வெள்ளையாகிவிட்டது. கல்தூள். இந்த வாசனை எனக்குப் பழசு. பத்தாவதோடு பள்ளியை விட்டு ரிக் வண்டியில் ஏறி, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்ட காலத்தில் சோற்றோடு இதைத்தான் தின்றேன். பல்லில் நறநறக்கும், பழகிவிடும்.

நெஞ்சில் சளி கட்டி அந்த வேலை ஆகாமல் போன பிறகுதான், பறவை விலங்குகளைக் கவனித்துப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியில் சேர்ந்தேன். பெரிய காரணமெல்லாம் இல்லை, மூன்று வேளைச் சாப்பாடு. கூடப் படித்தவர்களில் வயது எனக்கு அதிகம், படிப்பு குறைவு. வாழப்பாடிக்காரி செல்வி பட்டதாரி. எங்கள் இருவருக்கும் ஒரே கரட்டை ஒதுக்கினார்கள்.

பார்த்திருப்பீர்கள், வயல்களுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்று. அதன் உச்சி விளிம்பில் ஒரு ஜோடி கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. சாயங்காலம் அது அடித்தொண்டையில் 'பூ...ஹூ' என்றால் கீழே ஊரில் கதவுகளைச் சாத்துவார்கள். யார் வீட்டிலோ சாவு விழப்போகிறதாம். பயத்தில் என்றைக்காவது அடித்துக் கொன்றுவிடுவார்கள், பயத்தைப் போக்கினால் பறவை பிழைக்கும் என்பது எங்கள் பாடம். ஊராரிடம் பேசி அந்தப் பயத்தைப் போக்குவதுதான் தேர்வு.

செல்வி பிரமாதமாகப் பேசினாள். ஆந்தை கக்கிய உருண்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, எலி மண்டையோடுகளை வரிசையாக வைத்தாள். நான் வாளி தூக்கினேன். அதற்கும் மதிப்பெண் உண்டு.

"அப்ப அது கத்துனா சாவு உழுகாதுங்களா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"விழுமுங்க. எலி வீட்டுல" என்றாள் செல்வி.

சிரிப்பு அடங்க நேரமானது. கரட்டுக்குச் சொந்தக்காரரான விவசாயி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க சாமி, கல்லு ஒடைக்கக் கூப்புட்டா, ஆந்தைக் கரட்டுல கை வெக்கறதான்னு ஒருத்தனும் வரமாட்டீங்கறான். இனி வருவானுங்கல்ல?"

செல்வியின் கையில் ஒரு மண்டையோடு இருந்தது. அதைக் கீழே வைக்காமல் என்னையே பார்த்தாள். நான் வாளியைப் பார்த்தேன்.

தேர்வில் இருவரும் தேறினோம்.

அந்த மாதமே வெடிக்குழி போடும் கம்பிரசர் டிராக்டர் வந்தது. பாறையில் குழி இறங்கும் சத்தம் கேட்டாலே ஆழம் எனக்குத் தெரியும். விளிம்புக்கு நேர் கீழே ஆழமாகவே போட்டார்கள். குஞ்சுகள் பறக்கப் பழகிவிட்டனவா என்று ஏறிப் பார்க்க எங்களை விடவில்லை.

பேருந்து இப்போது அந்த இடத்தைத்தான் கடக்கிறது. கரடு நின்ற இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். பொழுது சாய்கிறது. வீட்டுக் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. அந்த ஊரில் ஆந்தைக்கு இப்போது யாரும் பயப்படுவதில்லை.