ஒரு முழங்காலுக்காகத் திறந்த வால்வு

"குடிநீர் விநியோகத்தில் குழப்பம் விளைவிக்கும் நோக்கத்துடன், மேலதிகாரிகளின் உத்தரவை அலட்சியம் செய்து, ஜங்லிகாட் பகுதிப் பெண்களைத் தூண்டிவிட்டுக் கூட்டம் சேர்த்த நபர்" என்று ராக்கப்பனைப் பற்றிக் குடிநீர் அலுவலகத்தின் மெமோ சொல்கிறது. ஆங்கில மூலத்தில் இன்னும் கம்பீரமாக இருக்கிறது.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இடறுவது 'தூண்டிவிட்டு' என்ற சொல்தான். பத்தொன்பது வருஷமாக அந்தப் பெண்கள் அவரைத் திட்டி வருகிறார்கள். அவர் ஒரு தடவை பதில் சொன்னதாகக்கூடத் தகவல் இல்லை. சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்து, வால்வு திறப்பவரானவர். நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். ரோட்டோரக் குழியின் மூடியைத் தூக்கி உள்ளே இருக்கும் வால்வைத் திறப்பார். நாற்பது நிமிஷம் கழித்து மூடுவார். மார்ச் பிறந்துவிட்டால் ஒரு தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு முறை. வானம் பெய்யாததற்கும் அவர்தான் பொறுப்பு என்று தெருவில் ஒரு நம்பிக்கை. அவருடைய வீடு டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில், மேட்டின் உச்சியில். அங்கே குழாயைத் திறந்தால் பெரும்பாலும் காற்றுதான் வரும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் திட்டு விழும்.

அவருக்கு இடது கெண்டைக்காலில் கைநீளத்துக்கு ஒரு தழும்பு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழியின் மூடி நழுவிக் காலைச் சீவிவிட்டது. காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்று அவருக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே மஞ்சளை அப்பி, மேலே பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டி, ஒன்பது நாள் ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டார், தன் காலுக்கு மட்டும் ஒரு சொட்டு விடாமல். பத்தாவது நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பிரித்துப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, அரை மணி நேரம் கழுவினாராம். "ஊருக்குத் தண்ணி விடுற பானிவாலாவுக்குக் கழுவத் தண்ணி கிடைக்கலியா?" என்று இந்தியில் கேட்டாராம்.

சம்பவம் நடந்தது மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். ஜங்லிகாட் தெரு ஒன்றில், மூன்றாம் எண் வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ராக்கப்பன் வந்திருந்தார். அந்தத் தெருவின் தண்ணீர் முறை வியாழக்கிழமை. செருப்புக்கடைக்காரர் வீட்டுப் பெண் தஸ்லிமா, ஏழு வயது, சரிவில் சைக்கிளில் வந்து, ரோட்டில் கொட்டியிருந்த பொடிச்சல்லியில் சறுக்கி விழுந்தாள். வலது முழங்கால் உரிந்துவிட்டது. ரத்தம் கொஞ்சம்தான், உள்ளே ஒட்டிக்கொண்ட கறுப்புத் துகள்கள்தான் அதிகம். அவளுடைய அம்மா மஸூதா மஞ்சள் டப்பாவோடு ஓடிவந்தாள்.

"தங்கச்சி, மஞ்சள் வைக்காதே. உள்ள மண்ணு கிடக்கு. முதல்ல கழுவு" என்றார் ராக்கப்பன்.

எதிர்வீட்டு ருக்கு வாசலுக்கே வந்துவிட்டாள். "அடியே மஸூதா, இவரு பேசுறாருடி."

"புண்ணுல தண்ணி பட்டா சீழ் வச்சிராதாண்ணே?" என்றாள் மஸூதா.

"மண்ணு இருந்தாத்தான் சீழ் வைக்கும்."

"சரி, எதை வச்சுக் கழுவ? உள்ள வந்து டிரம்மைப் பாருங்க. அடியில ரெண்டு குடம் கிடக்கு. வியாழக்கிழமை வரைக்கும் சோறும் அதுலதான், தொழுகைக்குக் கைகால் கழுவுற உளுவும் அதுலதான். குடிக்கத் தண்ணி விடமாட்டீங்க, காலு கழுவ மட்டும் புத்தி சொல்ல வந்துட்டீங்க. பஹுத் அச்சா."

அவள் சொன்னதில் பிழை இல்லை. அந்த மாதத்தில் எந்த வீட்டிலும் ஒரு கை மஞ்சள் கேட்டால் இரண்டு கை கிடைக்கும். ஒரு குடம் தண்ணீர் கேட்டால் வீட்டில் யாரும் இல்லை என்று வீட்டில் இருப்பவர்களே சொல்வார்கள்.

ராக்கப்பன் தன் பாட்டிலைத் திறந்து முழங்காலில் ஊற்றினார். பாட்டில் காலியானது. ரத்தம் போயிற்று, கறுப்பு அப்படியே இருந்தது. மஸூதா டப்பாவின் மூடியைத் திருகினாள். அவர் கால்சட்டையைத் தூக்கி, கெண்டைக்காலை அவள் பக்கம் திருப்பினார்.

"இது மஞ்சள் வச்ச காலு."

தஸ்லிமா அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "உம்மா, எனக்கு இந்த மாதிரி வேணாம்."

ராக்கப்பன் குழியின் மூடியைத் தூக்கினார். சாவியை உள்ளே இறக்கித் திருகினார்.

"அண்ணே, இன்னைக்கு நம்ம முறை இல்லியே" என்றாள் ருக்கு. சொல்லிக்கொண்டே பக்கெட்டை எடுத்துவிட்டாள்.

தெருக்குழாய் இருமியது. முதலில் வந்தது துருத்தண்ணீர். அது தெளியும்வரை சிறுமியின் காலை நீட்ட விடவில்லை. மூன்று நிமிஷம். அந்தத் துருத்தண்ணீரையும் ருக்கு பிடித்துக்கொண்டாள். அதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய், குடங்கள் வரிசைகட்டின. குழாயடியில் மட்டும் குடத்துக்கு இடமில்லை. அங்கே ஒரு முழங்கால் இருந்தது.

"துணி சோப்பு வேணாம், குளிக்கிற சோப்பு கொண்டா" என்றார்.

மஸூதாவே சோப்புப் போட்டாள். தஸ்லிமா போட்ட கூச்சலில் தெருநாய் இடம் மாறிப் படுத்தது. இரண்டு துகள் மட்டும் நகரவில்லை. மஸூதா புருவம் திருத்தும் இடுக்கியைக் கொண்டுவந்தாள். அதையும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பிறகுதான் எடுக்க விட்டார். சுத்தமான துணியால் ஒற்றி, மெல்லிசாக வாஸ்லின் தடவி, மேலே பிளாஸ்டர்.

"தடுப்பூசி?"

"போன வருஷம் பள்ளிக்கூடத்துல போட்டாங்க."

"தினம் பிரிச்சுப் பாரு. சிவந்து வீங்கினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

கூட்டம் முணுமுணுக்க அவர் வால்வை மூடினார். அன்று முறை இருந்த கீழ்த்தெருவில் குழாயில் தண்ணீர் ஒல்லியாக வந்திருக்கிறது. அவர்கள் புகார் கொடுத்தார்கள். புகாரிலும் பிழை இல்லை. ஜூனியர் என்ஜினியர் கூப்பிட்டு, யார் சொல்லித் திறந்தாய் என்று கேட்டார். ராக்கப்பன் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார். அதனால்தான் மெமோவுக்குக் காரணத்தை அலுவலகமே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. எழுத்துமூலம் எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அந்த வியாழக்கிழமை தண்ணீர் நாலு நிமிஷம் தாமதமாக வந்ததற்கு மஸூதா அவரைத் திட்டினாள். அடுத்த வாரம் முழங்காலில் ரோஸ் நிறத்தில் புதுத்தோல் வந்திருந்தது. தஸ்லிமா அதே சரிவில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள்.

ராக்கப்பன் அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் எண் வால்வைப் பதினோரு நிமிஷம் திறந்து, ஒரு சிறுமியின் முழங்காலில் இருந்த மண்ணைக் கழுவ வைத்தார்.