எட்டாம் நாள் தேநீர்

டிம்ப்னா லவெல் இருபத்திரண்டு வருடங்களாக மேயோ மாவட்ட வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கிறாள். காலை ஒன்பது மணிக்கு அவள் குரல் வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். யார் போனார், உடல் எந்த வீட்டில், அடக்கம் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

நான்கு வருடங்களுக்கு முன் அந்தக் குரல் நெரியத் தொடங்கியது. ஒரு பெயரைப் பாதி சொல்லும்போதே யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் நின்றுவிடும். அழுகிறாள் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். மூளையின் தவறான கட்டளையால் குரல்நாண் தசைகள் இறுகிக்கொள்கின்றன என்று கால்வே நகர ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெனிஹன் கண்டுபிடித்தாள்.

"போட்டுலினம் ஊசி போடலாம்."

"அது சுருக்கம் போக்குற ஊசி இல்லையா டாக்டர்?"

"அதேதான். கொடிய விஷம். துளியிலும் துளி போட்டா இறுகுற தசை அசந்துபோகும்."

வெளியே காத்திருந்தவர்களும் அந்த ஊசிக்காகத்தான் வந்திருந்தார்கள். ஒருவருக்கு இமைகள் திறக்கவில்லை. ஒரு பெண்ணின் தலை தோளை நோக்கித் திருகிக்கொண்டு நின்றது. டிம்ப்னா அவர்களைப் பார்க்காமல் தரையையே பார்த்தாள்.

ஊசி கழுத்து வழியாகப் போகும். முனை தசையைத் தொட்டதும், தசையின் மின்னதிர்வை ஒலியாக்கும் பக்கத்துப் பெட்டியிலிருந்து தகரத்தில் மழை விழுவதுபோல் ஒரு இரைச்சல் வரும். அவளுடைய தசையின் இரைச்சல்தான் அது. பிறகு இரண்டு வாரம் குரலே இராது, வெறும் காற்றுதான். அதன்பின் மூன்று மாதம் பழைய குரல்.

ஒவ்வொரு முறையும் டாக்டர் அதையே சொல்வாள். "இந்த ரெண்டு வாரம் தொண்டை சரியா மூடாது. தண்ணி, டீ எதுவானாலும் இந்தப் பொடியைப் போட்டுக் கெட்டியாக்கிக் குடிங்க. தாடையைத் தாழ்த்தி விழுங்குங்க. மூச்சுக்குழாய்க்குள்ள ஏதாவது போச்சுன்னா உங்களால இருமித் தள்ள முடியாது. கூப்பிடக் குரலும் இருக்காது. விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமா இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

இந்த முறை ஊசி போட்ட எட்டாம் நாள் பக்கத்து வீட்டு ஃபெஸ்டஸ் மொய்லன் இறந்துபோனார். போகாமல் இருக்க முடியாது.

நடுக்கூடத்தில் திறந்த சவப்பெட்டிக்குள் ஃபெஸ்டஸ் நல்ல கோட்டோடு படுத்திருந்தார். இழவு வீட்டு வழக்கப்படி முகம்பார்க்கும் கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். டிம்ப்னா அவர் கையைத் தொட்டு, "வருத்தமா இருக்கு" என்று மகள் அட்ராக்டாவிடம் சொன்னாள். காற்றுதான் வந்தது.

கதவருகே நின்ற கிழவர் சிரித்தார். "செத்தவங்க பேரா வாசிச்சு வாசிச்சு, குரலை அவங்க கொண்டுபோயிட்டாங்க போல!"

"சும்மா இருங்க மாமா" என்று அதட்டிவிட்டு அட்ராக்டா கோப்பையை நீட்டினாள். கூடவே ஒரு துண்டுப் பழக்கேக். "அப்பாவுக்காக ஒரு வாய், டிம்ப்னா."

இழவு வீட்டில் தேநீரை மறுப்பவர் அந்த ஊரில் இல்லை. பொடி கைப்பைக்குள் இருந்தது. செத்தவர் முன்னால் உட்கார்ந்து மருந்து கலக்க டிம்ப்னாவுக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது ஜெபமாலை தொடங்கியது. வழக்கம்போல் எல்லோரும் திரும்பி, தத்தம் நாற்காலிகளில் முழங்கையூன்றி மண்டியிட்டார்கள். அறை முழுக்க முதுகுகள். கோப்பையைச் சீக்கிரம் காலிசெய்ய நினைத்து, டிம்ப்னா கேக்கைத் தேநீரோடு விழுங்கினாள்.

அது தப்பான வழியில் போனது.

இருமினாள். மெழுகுவர்த்தியை அணைக்கக்கூடப் போதாத காற்று. கத்தினாள். அதுவும் காற்று. "அருள் நிறைந்த மரியே" என்ற முணுமுணுப்பு அலையலையாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பவில்லை. ஃபெஸ்டஸின் முகம் மட்டுமே அவள் பக்கம் இருந்தது. அறையின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கின. அவள் கை நீண்டு, எட்டிய சவப்பெட்டிப் பலகையை விரல்முட்டியால் தட்டியது.

ஜெபம் அறுந்தது.

மறுபடி தட்டினாள். உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் வெறுமையான ஒலி. ஒருவரும் அசையவில்லை. அந்தச் சில நொடிகள்தான் அவளுக்கு மிக நீண்டவை. முதலில் திரும்பியவள் அட்ராக்டா. அவள் கண் முதலில் போனது அப்பாவிடம். பிறகுதான் நீலம்பாய்ந்த டிம்ப்னாவைக் கண்டாள். ஓடிவந்து குனியவைத்து முதுகில் ஓங்கி அறைந்தாள். நான்காவது அறையில் கேக் வெளியே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் நுரையீரலைச் சோதித்த டாக்டர் ஹெனிஹன் கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டாள். "ஏன் குடிச்சீங்க?"

"செத்த வீட்டுல வேண்டாம்னு எப்படிச் சொல்றது டாக்டர்?"

டாக்டரும் மேயோக்காரிதான். அடுத்த முறைக்கு மருந்தின் அளவைக் குறைத்து எழுதினாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அட்ராக்டா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"உண்மையைச் சொல்லு. அந்த ரெண்டு தட்டும் நீதானா?"

டிம்ப்னா தலையாட்டினாள்.

"முதல் தட்டும்?"

அதற்கும் ஆட்டினாள்.

அட்ராக்டா கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். "திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"