அத்தானும் சத்தம் போடாத ஃபேனும்

எங்கள் அத்தானுக்கு அடுத்தவர் வீட்டில் போய்த் தூங்குவதுதான் வேலை. சிரிக்காதீர்கள். மாதச் சம்பளம், போனஸ், கம்பெனி கொடுத்த தோல் பை எல்லாம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் "ஃபேன் கம்பெனியில வடிவமைப்புப் பிரிவு" என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் வண்டவாளம் தெரிந்துவிட்டது. அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதடி. இந்த மனுஷன் தினமும் மத்தியானம் யார் வீட்டுலயோ போய்ப் படுத்துத் தூங்குறாராம். அதுக்குச் சம்பளம் வேற!" என்றாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். சீலிங் ஃபேன் வாங்கியவரைக் கடையில் நிறுத்தி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா முடியும்? வீட்டுக்குள் அந்த ஃபேனுக்குக் கீழே படுக்கிறபோது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த ஃபேனை உருப்படியாகச் செய்யலாம் என்பது அத்தானின் கட்சி. அதனால் சம்மதிக்கிற வீடுகளுக்கு மத்தியானம் போவார். கூடத்தில் அவர்களோடு பாயை விரித்துப் படுப்பார். எழுந்ததும், அவர்கள் முகம் கழுவுவதற்கு முன்னால், காற்று எப்படி இருந்தது என்று கேட்பார். தூக்கக் கலக்கத்தில் வாய் பொய் சொல்லாதாம்.

என்னென்ன வார்த்தைகள் கொண்டுவருவார் தெரியுமா! ஒரு வீட்டில் "ஜிலுஜிலுன்னு இருந்துச்சு" என்பார்கள். இன்னொரு வீட்டில் "பளார் பளார்னு மூஞ்சியில அறையுது" என்பார்கள். பாட்டு டீச்சர் ஒருத்தி, "யாரோ தலையைக் கோதிவிட்ட மாதிரி இருந்தது" என்றாளாம். அந்த ஒரு வார்த்தைக்காக எல்லா மாடல்களுக்கும் அந்த ஃபேனின் இறக்கை வளைவையே வைத்தார்கள். சாயங்காலம் அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து அவர் இதையெல்லாம் சொல்லும்போது எனக்கும் அப்பாவுக்கும் பொழுது போவதே தெரியாது. அந்தச் சாயங்காலங்கள் இனி எங்கே வரப்போகின்றன.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? "அத்தான், நாளைக்கு எந்த வீட்டுல டியூட்டி? தலகாணி எடுத்து வெச்சாச்சா?" என்று சீண்டுவேன்.

"ஏய் வாயாடி, ஒரு நாள் உன் வாய்க்கு ரெகுலேட்டர் மாட்டுறேன் பாரு" என்பார்.

அப்பா அப்படியில்லை. அத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எழுந்து நின்றுவிடுவார். "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்று தன் நாற்காலியைத் தள்ளிப் போடுவார். மாப்பிள்ளை வாங்கிவந்தது, கட்டிவந்தது, சொன்னது எதுவானாலும் அப்பாவுக்கு "ரொம்ப நல்லா இருக்கு"தான். எனக்குச் சமயத்தில் எரிச்சலாக வரும். பெற்ற பெண்கள் எங்களை மட்டும் உப்பு, புளி, காரம் என்று எல்லாவற்றுக்கும் வறுத்தெடுப்பாரே!

ஒரு வருடம் அத்தானுக்குப் போன வீட்டிலெல்லாம் ஒரே பேச்சு. பாய் விரிக்கும்போதே, "ஃபேன் கொஞ்சம் கத்தும், தப்பா எடுத்துக்காதீங்க" என்பார்களாம். எழுந்ததும், "அந்தச் சத்தத்துல தூங்கினீங்களா, பாவம்" என்பார்களாம். எங்கள் அப்பாவும் அதையே சொல்லியிருக்கிறார். அத்தான் கம்பெனியில் போய், காற்றைவிடச் சத்தம்தான் வாடிக்கையாளருக்குப் பெரிய தலைவலி என்று அடித்துச் சொன்னார். அவர் பேச்சை நம்பி, மூச்சுக் காட்டாமல் சுற்றுகிற ஒரு ஃபேனைச் செய்தார்கள்.

முதலில் வந்ததை அத்தான் எங்கள் கூடத்தில்தான் மாட்டினார். அம்மா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவும் அப்பாவும் குடிவந்த புதிதில் வாங்கிய பழைய ஃபேனைக் கழற்றிக் கம்பெனி வண்டியில் ஏற்றினார்கள். அது கடகடவென்று வீட்டையே ஆட்டுகிற ஃபேன். பழைய இரும்போடு இரும்பாகப் போய்ச் சேர்ந்திருக்கும். புதியது ஓடுகிறதா இல்லையா என்று நிமிர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது.

"எப்படி மாமா?" என்றார் அத்தான்.

"ரொம்ப நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார் அப்பா.

கடைக்குப் போன ஃபேன்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. காற்றே வரவில்லை என்றார்கள். கருவி வைத்து அளந்தால் பழைய ஃபேனுக்கு ஒரு மாற்றுக் குறையாமல் காற்று வந்தது. மேனேஜர் அத்தானைக் கூப்பிட்டு, "உங்க பேச்சைக் கேட்டுத்தானே செஞ்சோம்? என்ன குறைன்னு மாசக் கடைசிக்குள்ள கண்டுபிடிங்க. இல்லேன்னா உங்க பிரிவையே மூடிடுறோம், நீங்க வேற வேலை பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அத்தான் வீடு வீடாக நாயாய் அலைந்தார். "நல்ல ஃபேன்தாங்க, என்னவோ ஒட்டல" என்றார்களே தவிர, அதற்குமேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முகம் தொங்கிப்போய், தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனவர் கட்டிலில் இடித்துக்கொண்டார். அப்பாவின் கட்டில் ஃப்ரிட்ஜை ஒட்டிக் கிடந்தது.

"இது என்ன மாமா, இங்க?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. ராத்திரி தண்ணி எடுக்க வசதியா இருக்கும்னு."

என்னிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் ராத்திரி அவர் குடிக்கிற தண்ணீர்ச் சொம்பு கூடத்திலேயே இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, மழுப்பாதீங்க! அந்த ஃபேன்ல என்ன குறைன்னு தெரியலேன்னா அவருக்கு வேலையே போயிடும். இப்பவாவது வாயைத் தொறந்து உண்மையைச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

வேலை போகிற விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. ஆடிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அத்தானை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"இந்த ஃப்ரிட்ஜ் கொஞ்சம் முனகும் மாப்பிள்ளை. அதைக் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு மூடுது. உங்க ஃபேன்ல காத்து வருது, இல்லேங்கல. உங்க அத்தை அந்தப் பழைய ஃபேன் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தித்தான் பேசுவா. அது ஓடிக்கிட்டிருந்தப்ப, அவ அடுப்படியில இருந்து என்னமோ சொல்றா, எனக்குத்தான் காதுல விழலன்னு நெனச்சுக்குவேன். இப்ப எல்லாம் சுத்தமாக் கேக்குது. யாரும் கூப்பிடலன்னு நல்லாத் தெரியுது."

அதே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது உறைக்கவில்லையே.

அத்தான் நகர்ந்து கூடத்து ஃபேனை எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்போ ஏன் மாமா எல்லா வீட்டுலயும் சத்தம், சத்தம்னு சொன்னாங்க? நீங்களும் சொன்னீங்களே?" என்றார்.

"விருந்தாளி வந்து படுக்கிறப்ப வேற என்ன சொல்றது? உங்க தூக்கம் கெட்டுடுமேன்னு சங்கடத்துல சொல்றதுதான். எங்களுக்கு அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்."

அத்தான் பளாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயையோ! அவங்க மரியாதைக்குச் சொன்னதைப் போய்க் குறைன்னு எழுதிட்டேனே! சத்தம் கேக்காததாலதான் காத்தே வரலன்னாங்களா!"

மேனேஜரிடம் மன்றாடி, மிச்சமிருந்த நாட்களில் லேசாகச் சத்தம் வருகிற மாதிரி ஒரு ஃபேனைச் செய்துகொண்டு வந்தார். எங்கள் கூடத்திலேயே மாட்டினார். மேனேஜர் இனி யார் பேச்சையும் நம்பத் தயாராக இல்லை. நேரில் வந்து கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகக் கிளம்பி வந்தார். கட்டிலைக் கூடத்து ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டு அப்பா ஒரு மணி நேரம் படுத்து எழுந்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"ஐயா, எப்படி இருக்கு?" என்றார் மேனேஜர்.

அப்பா அக்காவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அப்பாவின் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஒரு நாள், அந்தப் பொய்யையே சொல்லித் தொலைக்கட்டும், அக்கா குடும்பம் பிழைக்கட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

"நல்லா இல்லைங்க" என்றார் அப்பா.

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். அப்பா நிறுத்தவில்லை. "சத்தம் வருது. ஆனா ஒரே சீரா, மிஷின் மாதிரி வருது. மனுஷங்க பேசினா கொஞ்சம் ஏத்தம் எறக்கம் இருக்குமில்ல? அது இதுல இல்ல."

மேனேஜர் அத்தான் பக்கம் திரும்பினார். "என்னய்யா இது? உங்க மாமனாரே நல்லா இல்லேங்கிறாரு?"

"ஆமா சார்" என்றார் அத்தான். பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை வேலை போகும்னு தெரிஞ்சும் இப்படிச் சொல்றாரு. இவர் நல்லா இருக்குன்னு எப்போ சொல்றாரோ, அதுக்கப்புறம் கடைக்கு அனுப்பலாம். அதுவரைக்கும் நீங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த ஃபேன் மறு வருடம் கடைக்கு வந்தது, சக்கைப்போடு போட்டது. அது இப்போது கதைக்கு வேண்டாம்.

மேனேஜரின் கார் தெருமுனை திரும்பியதும் அப்பா கட்டிலில் போய் உட்கார்ந்தார். "கெடுத்துட்டேனா மாப்பிள்ளை? வாயை மூடிக்கிட்டு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கலாமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. "இத்தனை நாளா என்னையும் விருந்தாளியாவே வெச்சிருந்தீங்களே மாமா" என்றார்.

அப்பா கட்டிலில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.